சொந்தமாக டெக் கம்பெனி தொடங்க ஆசையா? முதல் வேலையிலிருந்து ராஜினாமா வரை, எல்லைப் பக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைக்கு வீட்டில் மூன்று வழி தயாராக இருக்கும். பிஎஸ்சி (அரசு வேலைக்கான பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வு) எழுது, கல்ஃபுக்குப் போ, இல்லையென்றால் கோயமுத்தூரில் ஏதாவது ஐடி கம்பெனியில் சேர். மூன்றும் நல்ல வழிதான். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள பிஎஸ்சியில் தனி எல்டி (லோயர் டிவிஷன்) கிளார்க் பணியிடம் உண்டு. அப்படி வேலைக்குப் போனவர்கள் ஊரில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை நான்காவது வழியை மனதில் வைத்திருப்பவர்களுக்கு. என்றைக்காவது சொந்தமாக ஒரு டெக் கம்பெனி தொடங்க வேண்டும், அதற்கு இப்போது எந்த வேலையில் சேர்வது, எதைக் கற்றுக்கொள்வது, எப்போது வேலையை விடுவது என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலேஜ் முடித்த கையோடு கம்பெனி தொடங்க வேண்டாம். மூன்று நான்கு வருடம் வேலைக்குப் போங்கள். அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்துக்கும் கம்பெனி பெயருக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள்: அங்கே உட்கார்ந்தால், காசு கொடுத்து வாங்குகிறவர் பேசுவது உங்கள் காதில் விழுமா? விழும் என்றால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரலாம். கீழே வரும் எல்லாப் படிகளும் இதையொட்டித்தான்.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கம்பெனி தொடங்க மூன்று விஷயம் வேண்டும். பொருளைச் செய்யத் தெரிய வேண்டும், விற்கத் தெரிய வேண்டும், ஏதாவது ஒரு தொழிலின் உள்விவரம் தெரிய வேண்டும். ஒரு தாளில் மூன்றையும் எழுதி, பக்கத்தில் உண்மையைப் போடுங்கள்.

செய்வதற்கு நான் வைக்கும் பரீட்சை இது. லாகின், டேட்டாபேஸ், யூபிஐயில் பணம் வாங்கும் வசதி, இந்த மூன்றும் உள்ள ஒரு சின்ன வெப் ஆப்பை நீங்களே எழுதி, சர்வரில் ஏற்றி, உங்களுக்குத் தெரியாத ஒருவரைப் பயன்படுத்த வைத்திருக்கிறீர்களா? விற்பதற்கு: முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசி ஐந்நூறு ரூபாயாவது வாங்கியிருக்கிறீர்களா? ஊர்த் திருவிழா மலருக்குக் கடை கடையாக ஏறி விளம்பரம் பிடித்திருந்தால் அதையும் தாராளமாகக் கணக்கில் சேர்க்கலாம்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் விஷயத்தில் பாதி இருக்கும், இரண்டாவது இருக்காது. மூன்றாவது இருக்கும், ஆனால் இருப்பதே தெரியாது. தென்னந்தோப்பு, பால் சொசைட்டி, மாங்காய் வியாபாரம், லாரி ஆபீஸ், கஞ்சிக்கோட்டில் லேத் பட்டறை என்று வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தொழில் நடந்துகொண்டுதான் இருக்கும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பையனுக்கு அது கிடைக்காது. இதைப் பற்றி மூன்றாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 2: முதல் வேலை

பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகளில்தான் கேம்பஸில் அதிகம் பேருக்கு வேலை கிடைக்கிறது. கல்விக்கடன் கழுத்தைப் பிடிக்கிறது என்றால் யோசிக்காமல் சேருங்கள். ஒழுங்கான பயிற்சி கிடைக்கும், மாதச் சம்பளம் தவறாது. சிக்கல் என்னவென்றால், எங்கோ அமெரிக்காவில் இருக்கும் கிளையன்ட்டின் பிராஜெக்டில் ஒரு மூலையைத்தான் உங்களிடம் கொடுப்பார்கள். அந்த மூலையிலிருந்து வெளியே எட்டிப் பார்க்க நீங்கள்தான் முயற்சி எடுக்க வேண்டும். கிளையன்ட்டுடன் பேசும் போன் கால், வீடியோ காலில் கூடவே உட்கார அனுமதி கேளுங்கள். பிசினஸ் அனலிஸ்ட் வேலையோ, கிளையன்ட் இடத்திலேயே இருக்கும் வேலையோ வந்தால் கையை உயர்த்துங்கள்.

அந்த மூலையே சில சமயம் கம்பெனியாக மாறும். கோயமுத்தூர் கோவை.கோ நிறுவனத்தைத் தொடங்கிய சரவண குமார் லண்டனில் மைக்ரோசாஃப்ட் பிஸ்டாக் சர்வர் கன்சல்டன்டாக இருந்தவர். ஒரு கம்பெனியின் வெவ்வேறு சாஃப்ட்வேர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாஃப்ட்வேர் அது. அந்த சர்வரைக் கண்காணிப்பது அதைப் பயன்படுத்தும் கம்பெனிகளுக்குத் தலைவலியாக இருந்ததைக் கூடவே இருந்து பார்த்தார். 2011-ல் அதற்கென்றே பிஸ்டாக்360 என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார். பிஸ்டாக் என்ற பெயரையே நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவ்வளவு சின்ன இடம் அது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு வலி பெரியது, காசு கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.

ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி சொந்தப் பொருளை விற்கும் கம்பெனி கிடைத்தால் நல்லது. அங்கேயும் எந்த வேலை என்பது முக்கியம். டெவலப்பர் வேலை கிடைக்காமல் சப்போர்ட் கிடைத்துவிட்டது என்று வருத்தப்படும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். கம்பெனி தொடங்க நினைப்பவருக்கு சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன் (வாங்கியவர் இடத்தில் பொருளை அமைத்துக் கொடுப்பது), ப்ரீசேல்ஸ் ஆகிய மூன்றும் முதல் தரமான வேலைகள். ப்ரீசேல்ஸ் என்றால், வாங்க யோசிப்பவருக்குப் பொருளை இயக்கிக் காட்டி, அவர் கேட்கும் டெக்னிகல் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் வேலை. ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் இன்றைய ஜோஹோவில், அப்போது அதற்கு அட்வென்ட்நெட் என்று பெயர், ப்ரீசேல்ஸில்தான் சேர்ந்தார். பிறகு பிராடக்ட் மேனேஜரானார். 2010-ல் அவர் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் சாஃப்ட்வேர். 2021-ல் அந்த நிறுவனம் நியூயார்க் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. வருடக்கணக்கில் வாடிக்கையாளர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் அந்தத் துறையிலேயே கை வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பிளஸ் டூ முடித்துவிட்டு, டிகிரிக்குச் செலவு செய்ய வசதியில்லாத பிள்ளைகள் ஜோஹோ ஸ்கூல்ஸ் பற்றி விசாரியுங்கள். ஃபீஸ் வாங்காமல் உதவித்தொகையோடு சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பத்து முப்பது பேர் உள்ள சின்ன ஸ்டார்ட்அப்பில் ஒரே வருடத்தில் எல்லா வேலையும் தலையில் விழும். கோயமுத்தூர் பீளமேடு, கொச்சி களமசேரி இரண்டு இடத்திலும் இப்படிப்பட்ட கம்பெனிகள் இருக்கின்றன. இதில் முதலாளி எப்படிப்பட்டவர் என்பதுதான் எல்லாம். இன்டர்வியூவில் தயங்காமல் கேளுங்கள்: இன்றைக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் யார்? எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது? வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது நானும் வரலாமா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். அப்புறம், அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்து, சம்பளம் தேதி தவறாமல் வந்ததா என்று கேளுங்கள்.

ஃப்ரீலான்சிங் செய்தால் பேசி விலை முடிக்கவும் பில் வசூலிக்கவும் கை பழகும். ஆனால் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் எதிலும் ஆழம் வராது. ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். மருத்துவக் கருவி, செமிகண்டக்டர், ரோபோ பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் எம்டெக், பிஎச்டி பயன்படும். 2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

படி 3: ஒரு தொழிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வேலை பார்க்கும் காலத்தில் வார இறுதியில் செய்ய வேண்டியது இது. மற்ற எல்லாப் படியையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

வேலந்தாவளம் காய்கறி மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பக்கத்து விவசாயியும் நம் பக்கத்து விவசாயியும் சரக்கைக் கொண்டுவருகிறார்கள், வாங்குவது கேரளத்து உள்ளூர் வியாபாரிகள். மண்டியில் கணக்கு எழுதுகிறவரின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். எடை போட்டதும் ஒரு சிட்டை எழுதுகிறார். எடை, விலை, அதில் கமிஷன் கழிவு, ஏற்றுக்கூலி கழிவு, மீதி இவ்வளவு. விவசாயிக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கிறார். அதே சரக்கின் விலையைப் போனில் மலையாளத்தில் வியாபாரிக்குச் சொல்கிறார். சிட்டையை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புகிறார். விவசாயிக்குக் கையோடு பணம் கொடுத்தாக வேண்டும், வியாபாரியிடமிருந்து பணம் வர வாரம் ஆகும். நடுவில் நிற்பது மண்டிக்காரரின் காசு.

இங்கே போய், "இப்படி ஒரு ஆப் செஞ்சா வாங்குவீங்களாண்ணா?" என்று கேட்டால், "நல்லா இருக்குது தம்பி, பண்ணுங்க" என்று சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து ஒரு வரி கோட் கூட எழுதாதீர்கள். மரியாதைக்குச் சொன்னது அது. கேட்க வேண்டியது நடந்து முடிந்த சங்கதியை: "அண்ணா, போன வாரம் எந்தக் கணக்குல தகராறு வந்துச்சு?" அப்போது வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

"திருச்சூர்க்காரரு ரெண்டு கிரேட் பெட்டி கம்மியா வந்துச்சுங்கறாரு. நாங்க நாப்பது ஏத்துனோம். டிரைவரு நாப்பதுதான் எறக்குனேங்கறான். யாருகிட்டன்னு போய்க் கேக்கறது? பாதிய நானே விட்டுட்டேன்."

இந்தப் பதிலில் ஒரு பிரச்சினை இருக்கிறது, அதனால் போகும் காசு இருக்கிறது, இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் இருக்கிறது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும்படி பதிவு செய்ய ஒரு வழி இருந்தால் அவருக்கு மாதம் எவ்வளவு மிச்சம்? அதில் எவ்வளவு நமக்குக் கொடுப்பார்? இதை ஒருவரிடம் கேட்டால் போதாது. இருபது பேரிடமாவது கேளுங்கள். அதே தகராறு பொள்ளாச்சியில் தேங்காய் லோடு ஏற்றுபவருக்கும், முதலமடையில் மாங்காய் அனுப்புபவருக்கும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஒரு மார்க்கெட்டில் மட்டும் இருந்தால் அது நல்ல ஒரு சைடு வருமானம். ஊர் ஊராக இருந்தால் கம்பெனி.

கோட் எழுதுவதை இப்போது ஏஐ கருவிகள் வேகமாக்கிவிட்டன. யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் ஓர் ஆப்பைக் காட்டிவிடலாம். ஆனால் அந்த மண்டிக்காரர் தமிழில் திட்டுவதையும் திருச்சூர்க்காரர் மலையாளத்தில் மறுப்பதையும் ஒரே ஆள் புரிந்துகொண்டு எழுதும் சாஃப்ட்வேர் இங்கிருந்துதான் வர முடியும். இரண்டு மொழி பேசுவதை ரெஸ்யூமேயில் கடைசி வரியில் போடுகிறோம். பாறசாலையிலிருந்து காசர்கோடு வரைக்கும், கோயமுத்தூரிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விற்க முடிகிற திறமை அது. முதல் வரியில் போடுங்கள்.

சாஃப்ட்வேர் மட்டும்தான் என்று இல்லை. குற்றிப்புறம் எம்இஎஸ் இன்ஜினியரிங் காலேஜில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ், மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் பேண்டிகூட் ரோபோவை 2018-ல் திருவனந்தபுரத்தில் இறக்கியது. முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களே அதை இயக்கப் பயிற்சி பெற்றார்கள். மனிதர் உயிர் போகும் ஓர் இடத்தைக் கூர்ந்து பார்த்ததில் பிறந்த கம்பெனி அது. நம் பக்கம் தென்னை ஏற ஆள் கிடைப்பதில்லை என்று எல்லாரும் புலம்புகிறோம். அதையும் யாராவது இப்படிக் கூர்ந்து பார்க்க வேண்டும். கருவி செய்ய நினைப்பவர்கள் களமசேரியில் இருக்கும், கருவி செய்யும் ஸ்டார்ட்அப்களுக்கு உதவும் மேக்கர் வில்லேஜைப் பாருங்கள்.

படி 4: வேலையில் இருக்கும்போதே செய்து பார்ப்பது

முதலில் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை முழுதாகப் படியுங்கள். வேலையின் பகுதியாக நீங்கள் எழுதும் புரோகிராமுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிதான் முதல் உரிமையாளர். 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே சொந்த முயற்சிக்குச் சொந்த லேப்டாப், சொந்த ஈமெயில், சொந்த இன்டர்நெட், ஆபீஸ் முடிந்த நேரம். கம்பெனி லேப்டாப்பில் ஒரு ஃபைலைக் கூடத் திறக்காதீர்கள். வேலையில் இருக்கும்வரை வெளியே எந்தத் தொழிலும் கூடாது என்று லெட்டரில் இருந்தால், காசு வாங்கத் தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

வேலையை விட்ட பிறகு அதே துறையில் தொழில் செய்யவே கூடாது என்ற நிபந்தனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பழைய கம்பெனியின் புரோகிராமையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போவது வேறு விஷயம். அது குற்றம் வரை போகும். சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

இந்தக் கட்டத்தின் இலக்கு ஒன்றே ஒன்று: உறவினர் அல்லாத ஐந்து பேர் மாதாமாதம் காசு கொடுத்துப் பயன்படுத்த வேண்டும். தொகை முந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி.

படி 5: கூட்டாளி

உங்களிடம் இல்லாததை வைத்திருப்பவர் வேண்டும். கோட் எழுதும் இருவர் சேர்ந்தால் இருவரும் கோட் எழுதிக்கொண்டே இருப்பார்கள், விற்க ஆள் இருக்காது. சேர்வதற்கு முன் ஒரு சின்ன வேலையை இருவரும் சேர்ந்து முடித்துப் பாருங்கள்.

பங்கைப் பிரிக்கும்போது நம் ஊரில் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவோம். வேண்டாம். எழுத்தில் போடுங்கள், அதில் வெஸ்டிங், அதாவது பங்கு ஒரேயடியாக இல்லாமல் காலம் போகப் போக உறுதியாகும் ஏற்பாடு, இருக்கட்டும். வழக்கமாக நான்கு வருடம் வைப்பார்கள். முதல் வருடம் முடியும் முன் ஒருவர் விலகினால் அவருக்குப் பங்கு இல்லை. முடிந்தால் நாலில் ஒரு பங்கு உறுதியாகும், மீதி மாதாமாதம் சேரும். ஆறு மாதத்தில் கனடா போய்விட்ட நண்பர் பாதிக் கம்பெனிக்குச் சொந்தக்காரராகவே இருக்கும் நிலைமை இதனால் வராது. நெருங்கிய நண்பர் என்றால்தான் இது இன்னும் அவசியம்.

படி 6: கைச்செலவு

ஒன்றரை வருடச் செலவைச் சேர்த்த பிறகு வேலையை விடுங்கள். வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய், கல்விக்கடன் தவணை 9,000 ரூபாய் என்றால் 18 மாதத்துக்கு 6,12,000 ரூபாய். இது கம்பெனிக்கான பணம் அல்ல, நீங்கள் சாப்பிட. கல்விக்கடனில் பெரும்பாலும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார். தவணை தவறினால் அவருக்கும் வேறு கடன் கிடைப்பது கஷ்டமாகிவிடும். அதனால் கடனை முழுதாக அடைத்துவிட்டுக் கிளம்ப முடிந்தால் அதுவே நல்லது. தோப்பை அடமானம் வைத்து முதல் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 7: எந்த மாநிலத்தில், எப்போது பதிவு செய்வது

எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் கேள்வி இது. வீடு கொழிஞ்சாம்பாறையில், வாடிக்கையாளர் பொள்ளாச்சியில், கூட்டாளி கோயமுத்தூரில். கம்பெனியின் பதிவு முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்தின் உதவிகள்தான் கிடைக்கும். கேரளம் என்றால் கேரளா ஸ்டார்ட்அப் மிஷன், பதிவு எர்ணாகுளம் ஆர்ஓசியில் (கம்பெனிப் பதிவாளர் அலுவலகம்). தமிழ்நாடு என்றால் ஸ்டார்ட்அப் டிஎன், கோயமுத்தூர் வட்டாரத்துக்கு ஆர்ஓசி கோயமுத்தூரிலேயே இருக்கிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பதிவு அலுவலகத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற மத்திய அரசின் ரீஜினல் டைரக்டர் ஒப்புதல் வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே இரண்டு பக்கமும் நேரில் போய், உங்கள் துறைக்கு யார் என்ன தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். காலேஜில் இருப்பவர்கள் முதலில் தங்கள் காலேஜில் தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு உதவும் ஐஇடிசி மையத்தில் கேளுங்கள். கோயமுத்தூரில் புதிய கம்பெனிகளுக்கு உதவும் பிஎஸ்ஜி ஸ்டெப் மையம் 1998-லிருந்து நடக்கிறது.

பதிவு செய்யும் அவசரம் வேண்டாம். ப்ரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும் ஆடிட்டர், வருடாந்தர ரிட்டர்ன் எல்லாம் உண்டு. அதோடு அரசு உதவிகள் பலவற்றில் காலக்கணக்கு பதிவுத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். 2021-ல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டத்தில் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு 2 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வெறும் யோசனையோடு பதிவு செய்தவர்கள் பொருள் தயாராவதற்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். ஐந்து பேர் காசு கொடுக்கும்போது பதிவு செய்தால் போதும். தனிநபர் தொழிலாகப் பதிந்தால் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்எல்பிக்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டுத் தொழில்) உண்டு.

ஜிஎஸ்டியிலும் எல்லைக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாஃப்ட்வேர் சேவை மட்டும் என்றால், வாளையாறைத் தாண்டி விற்றாலும் வருடம் 20 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் சென்சாரோ கருவியோ செய்து அடுத்த மாநிலத்துக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். எருத்தேம்பதியில் செய்து பத்து கிலோமீட்டர் தள்ளிக் கொடுத்தாலும் அது மாநிலம் விட்டு மாநிலம்தான்.

படி 8: ராஜினாமா

ஐந்து பேர் காசு கொடுக்கிறார்கள், கூட்டாளியோடு எழுத்து முடிந்தது, பதினெட்டு மாதச் செலவு வங்கியில் இருக்கிறது. சரி, இப்போது கடிதம் கொடுக்கலாம். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துக் கொடுங்கள். பழைய மேனேஜர்தான் நாளைக்கு முதல் பெரிய வாடிக்கையாளரை அறிமுகப்படுத்துவார். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் கையில் வாங்குங்கள். ஐந்து வருட சர்வீஸ் முடிய இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருங்கள், கிராஜுட்டி கிடைக்கும். பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம்.

வீட்டில் சொல்லும்போது "கம்பெனி தொடங்குகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், கணக்கைக் காட்டுங்கள். இத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள், இத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, இந்தத் தேதி வரை பார்ப்பேன், அதுவரை சரிவராவிட்டால் வேலைக்குத் திரும்புவேன். தேதியோடு சொன்னால் அம்மா அப்பாவுக்குத் தூக்கம் வரும்.

கடைசியாக, பலரும் மறப்பது மெடிக்கல் இன்ஷூரன்ஸ். கம்பெனி கொடுத்த பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவும் அதில்தான் இருப்பார்கள். தனி பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் வேலையை விடுவதற்கு ஒரு வருடம் முன்பாவது அவர்கள் பெயரில் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.